கோழி முட்டைக்குள்ளும் ஒரு பனிக்குடம்

கர்ப்பம் உறுதியானதும் ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில், இதயத் துடிப்பைப் பற்றிய வரிக்குப் பக்கத்திலேயே ‘யோக் சாக்’ தெரிகிறது என்று ஒரு வரி இருக்கும். மஞ்சள் கருப் பை என்று அர்த்தம். மனிதக் குழந்தைக்கு எதற்கு மஞ்சள் கருப் பை? உள்ளே மஞ்சள் கரு ஒரு துளிகூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பை கண்ணில் பட்டால் டாக்டருக்கு நிம்மதி. கரு கருப்பைக்குள் உரிய இடத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இல்லாத மஞ்சள் கருவுக்கு ஒரு பை ஏன் என்ற கேள்விக்குப் பதில் சற்று நீளமானது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மீனிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

முட்டையிடுபவை, குட்டி போடுபவை என்று பள்ளியில் உயிர்களை இரண்டாகப் பிரித்துப் படித்தோம். கருவின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பிரிவினை அவ்வளவு பெரிய விஷயமில்லை. கருவுக்கு வேண்டியவை நான்கு: காய்ந்துபோகாமல் இருக்க நீர், வளர உணவு, மூச்சுக்கு ஆக்சிஜன், கழிவைத் தள்ள ஓர் இடம். இந்த நான்கையும் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், மீன் முதல் மனிதர் வரை முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாவற்றின் பிறப்பும் ஓர் ஒழுங்குக்கு வரும்.

மீனுக்கு நான்கில் மூன்றைத் தண்ணீரே கொடுத்துவிடுகிறது. முட்டையைச் சுற்றி ஓடும் நீர் நனைக்கிறது, ஆக்சிஜன் தருகிறது, கரு வெளியேற்றும் அம்மோனியாவைக் கரைத்துக் கொண்டுபோகிறது. தாய் வைத்து அனுப்ப வேண்டியது கொஞ்சம் உணவு மட்டும். அதனால் முட்டை சிறிதாக இருக்கலாம், எண்ணிக்கை பெருகலாம். நம் குளங்களில் வளரும் ரோகு, ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் முட்டை போடும். ஒரு நாள் முடிவதற்குள் முட்டை பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சுக்கு வாய்கூடச் சரியாகத் திறந்திருக்காது. வயிற்றடியில் தொங்கும் மஞ்சள் கருப் பைதான் முதல் சில நாட்களுக்கு அதன் சோறு. அந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கட்லாவும் ரோகுவும் வெள்ளம் புரளும் ஆற்றில்தான் இயற்கையாக முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடாது. 1957ல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி என்ற ஆய்வாளர், மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகச் செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார். இன்று பண்ணைக் குட்டையில் மீன்குஞ்சு வாங்கி விடும் ஒவ்வொருவரும் அந்த வேலையின் பலனை அனுபவிக்கிறார்கள்.

லட்சக்கணக்கில் போட்டுவிட்டுப் போவதுதான் மீனின் வழி என்று நினைத்துவிடக் கூடாது. விரால், செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்துக்குக் கீழேயே நீந்திக் காவல் காக்கும். அந்த நேரத்தில் கிட்டே போகிறவரின் காலைக்கூடத் தாக்கும். கடல் கெளுத்தியில் பொறுப்பு அப்பனுடையது. ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய முட்டைகள் சில பத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, குஞ்சு வெளிவரும்வரை வாரக்கணக்கில் இரையெடுக்காமல் கிடக்கும். முட்டை பெரிதாக ஆக எண்ணிக்கை குறைகிறது, காவல் கூடுகிறது. இந்தக் கணக்கு முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும்.

தவளையிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான், முட்டையைச் சுற்றி ஒரு கூழ்ப்படலம் கூடுதல். ஆனால் மஞ்சள் கரு குறைவு; அந்தச் சிறு மூலதனத்தில் ஒரு முழுத் தவளையைச் செய்ய முடியாது. அதனால் பாதிவரை செய்து, தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் தலைப்பிரட்டையாக வெளியே அனுப்பிவிடுகிறது. மீதி வளர்ச்சியைக் குளம் பார்த்துக்கொள்கிறது. தலைப்பிரட்டைப் பருவத்தை நான் எப்போதும் இப்படித்தான் விளக்குவேன்: முட்டைக்குள் முடிந்திருக்க வேண்டிய வளர்ச்சி, சாப்பாடு போதாததால் வெளியே தொடர்கிறது.

அப்படியானால் மஞ்சள் கருவைக் கூட்டினால் தலைப்பிரட்டை தேவையில்லையா? தேவையில்லை. அதற்குச் சாட்சி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் மூங்கில் கணுக்களுக்கு நடுவே வாழும் ஒரு சிறு புதர்த்தவளை உண்டு. தண்டிலுள்ள சிறு பிளவு வழியாக உடலை நெருக்கி உள்ளே நுழைந்து, அங்கேயே முட்டையிடும். எண்ணிக்கை சொற்பம், ஒவ்வொன்றும் பெரிது. ஆண் தவளை காவல் இருக்கும். முட்டையிலிருந்து நேராக நாலு காலோடு குட்டித் தவளைதான் வெளிவரும். குளமே வேண்டாம். ஆனால் மூங்கிலுக்குள் தங்கியிருக்கும் ஈரம் வேண்டும். அது போனால் முட்டை போயிற்று. தண்ணீரின் பிடியிலிருந்து இவ்வளவு தூரம் விலகி வந்த தவளையாலும் காய்ந்த மண்ணில் முட்டையிட முடியவில்லை. ஏன் என்பதைக் கோழி முட்டை சொல்லும்.

சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை ஒன்றைத் தட்டில் உடைத்து ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் பொட்டு அளவில் வெளிறிய ஒரு வட்டம் தெரியும். அதுதான் குஞ்சாகப் போகிற இடம். நாமக்கல் பண்ணை முட்டையிலும் அந்தப் பொட்டு இருக்கும். ஆனால் அங்கே சேவல் இல்லாததால் அது கருவுறாதது, எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. மஞ்சள் கரு குஞ்சாக மாறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். மஞ்சள் கரு உணவு மட்டுமே. தவளை முட்டையில் கரு வளரத் தொடங்கும்போது முட்டை முழுவதுமே இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளக்கும். கோழி முட்டையில் மஞ்சள் கரு அத்தனை கனம். பிளவு அதற்குள் இறங்க முடியாது. மேலே உள்ள அந்தப் பொட்டு மட்டும் பிளந்து பிளந்து, தட்டையான ஒரு தகடாகப் பரவுகிறது. மீனிலும் பாம்பிலும் இதே கதைதான். அதாவது கருவின் முதல் உருவத்தையே தாய் வைத்துக் கொடுத்த சோற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது.

தட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியும். மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் போன்ற ஒன்று. கருவோ புழுவோ என்று பயந்து அதை எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. மஞ்சள் கரு ஓட்டில் போய் ஒட்டிவிடாமல் நடுவில் தாங்கிப் பிடித்திருப்பதே அதன் வேலை. முட்டை எப்படி உருண்டாலும் பொட்டு மேல்பக்கம் வந்து நிற்கும். அடைக்கோழியின் வயிற்றுச் சூடு அதற்கே முதலில் படும். பிறகு ஓடு. சுண்ணாம்பாலான அந்த ஓட்டைக் கட்ட மட்டும் கோழியின் உடல் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் பத்தாயிரம் அளவுக்கு உண்டு. காற்று உள்ளே வரும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிக்கொண்டே போவது அதனால்தான்.

அடையில் வைத்து இரண்டு நாள் முடிவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அரிஸ்டாட்டில் மூன்றாம் நாள் முட்டையை உடைத்து, துள்ளும் ஒரு சிவப்புப் புள்ளியாக அதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொன்று நடக்கிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் நாலா பக்கமும் மடிந்து எழும்பி, கருவின் முதுகுக்கு மேலே வந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்கிறது. உள்ளே ஒரு பை. அதில் நீர் நிரம்புகிறது. கரு அந்த நீருக்குள் மிதக்கிறது. அதுதான் பனிக்குடம். பிரசவ வேளையில் உடைகிறதே, அதே பனிக்குடம்தான்.

கூடவே இன்னும் சில படலங்கள் உருவாகின்றன. ஒன்று மஞ்சள் கருவைச் சுற்றி வளைத்து, ரத்தக் குழாய்களால் உணவை உறிஞ்சித் தருகிறது. இன்னொன்று கருவின் பின்குடலிலிருந்து புறப்படும் ஒரு பை. தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இல்லாததால் கழிவுப்பை என்றே சொல்கிறேன். கோழிக் குஞ்சின் கழிவு தண்ணீரில் கரையாத யூரிக் அமிலமாக அதில் சேர்கிறது. குஞ்சு பொரித்த ஓட்டுக்குள் வெள்ளையாக ஒட்டியிருப்பதில் அதுவும் உண்டு. அந்தப் பை வளர்ந்து வளர்ந்து, எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் வெளிப்படலத்தோடு இணைந்து ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவி, துளைகள் வழியே வரும் காற்றை வாங்கிக்கொள்கிறது. குஞ்சின் நுரையீரல் வேலை செய்யும்வரை மூச்சு அதன் வழியாகத்தான்.

நீர், உணவு, காற்று, கழிவு. நான்கும் ஓட்டுக்குள்ளேயே தீர்ந்துவிட்டன. மீனிடமும் தவளையிடமும் பனிக்குடம் கிடையாது. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை, பாலூட்டி எல்லாவற்றிடமும் உண்டு. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதைகளிடம் இது தோன்றியது. சுவரில் கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி ஒட்டிவைத்திருக்கும் சிறு வெள்ளை முட்டை, பொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் பிழைத்துப் பொரிவது இதனால்தான்.

இருபத்தோராம் நாளுக்குச் சற்று முன், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைப் பையோடு குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த மிச்சம் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். பொரிப்பகங்கள் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தீனியில்லாமல் வெகுதூரம் அனுப்ப முடிவது அந்த மிச்சத்தை நம்பித்தான்.

கோழி தன் முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிட்டால் படலங்கள் சரியாக விரியாமல் குஞ்சு கெடும். ஆமை முட்டையிலோ எல்லாம் தலைகீழ். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரிக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988லிருந்து இயங்குகிறது. நாயும் மனிதரும் தோண்டிவிடாமல் காப்பதற்காக அவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து வைத்துவிட வேண்டும். தாயின் உடலுக்குள் இருக்கும்வரை, ஆக்சிஜன் குறைவால் ஆமைக் கரு வளர்ச்சியை நிறுத்திவைத்திருக்கிறது. மணலுக்கு வந்து காற்றுப் பட்டதும் வளர்ச்சி தொடர்கிறது. கருவின் படலம் மேலே போய் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் அந்த ஒட்டு கிழிந்து கரு சாகும். கோழி முட்டையில் பார்த்த முறுக்கு நூல் ஆமை முட்டையில் இல்லை. நல்லெண்ணத்தோடு தாமதமாகத் தோண்டி எடுக்கிறவர்கள் ஒரு குழி முட்டையை முழுக்க அழித்துவிடக்கூடும். கடற்கரையில் முட்டைக் குழியைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்கோ தன்னார்வலர்களுக்கோ தகவல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 30 டிகிரியை ஒட்டி இருபாலும் கலந்து வரும்; சூடு கூடினால் பெண்கள், குறைந்தால் ஆண்கள். ஊர்வனவற்றில் இப்படி நடப்பதை 1966ல் செனகலில் மேடலீன் ஷார்னியே என்ற ஆய்வாளர் ஓணான் இனம் ஒன்றில் முதலில் காட்டினார். முதலையில் கணக்கு வேறு. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகளில், சதுப்புநில முதலையின் முட்டைகள் 31 டிகிரியிலும் அதற்குக் கீழும் பெண் குஞ்சுகளையும், 32.5 டிகிரியை ஒட்டி ஆண் குஞ்சுகளையும் தந்தன. கடற்கரை மணல் ஆண்டுக்காண்டு சூடாகிவரும் காலத்தில் இது வெறும் அறிவியல் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்களே பிறக்காத கரைகளில் ஆமைகள் எத்தனை தலைமுறை தாக்குப்பிடிக்கும்?

குட்டி போடுவது பாலூட்டிகளின் தனிச்சொத்து என்ற எண்ணத்தைப் பாம்புகள் உடைத்துவிடும். நல்ல பாம்பும் சாரையும் முட்டையிடும். கண்ணாடி விரியன் முப்பது நாற்பது குட்டிகளை உயிரோடு ஈனும். மண்ணுளிப் பாம்பும் குட்டிதான் போடும். பல்லி, பாம்பு வரிசையில் மட்டும் இந்த மாற்றம் நூறு முறைக்கு மேல் தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது. முட்டையை வெளியே இடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டை மெலிதாக்கிக்கொண்டே வந்தால் போதும். பனிக்குடமும் மற்ற படலங்களும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

பறவைகளில் ஓர் இனம்கூட இதைச் செய்யவில்லை. ஆமையும் முதலையும்கூடச் செய்யவில்லை. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்று: கோழிக் குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதியை ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்கிறது. பாம்பும் பல்லியும் பெரும்பாலும் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கின்றன. ஓட்டைச் சாப்பிட்டு வளரும் குஞ்சுக்கு ஓட்டை மெலிதாக்கினால் எலும்பு எங்கிருந்து வரும்?

பனிக்குடமே இல்லாத சுறாக்களிலும் குட்டி போடுபவை நிறைய. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோமே, அந்தச் சிறு சுறாக்கள் பலவற்றின் குட்டிகள் தாயோடு கொடியால் இணைந்தே வளர்கின்றன. குட்டியின் மஞ்சள் கருப் பை, உள்ளே உணவு தீர்ந்ததும், தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடுகிறது. சோறு தீர்ந்த பாத்திரத்தையே தாயிடம் நீட்டுகிறது அந்தக் கரு.

இனி நம் கதை, அதாவது பாலூட்டிகளின் கதை. 1884ல் ஆஸ்திரேலியாவில் வில்லியம் கால்ட்வெல் என்ற இளம் ஆய்வாளர், பூர்வகுடி மக்களின் உதவியோடு பிளாட்டிபஸ்களைத் தேடிப் பிடித்து, அவை முட்டையிடுவதை உறுதிசெய்தார். மான்ட்ரியலில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு நான்கே சொற்களில் தந்தி போயிற்று. அதில் பாதி, முட்டையிடுகின்றன என்பது. மறுபாதி, முட்டையின் ஒரு பகுதி மட்டுமே பிளக்கிறது என்பது. அதாவது ஊர்வனவற்றில் நடப்பது போல, மஞ்சள் கருவின் மேலிருக்கும் பொட்டில் மட்டும். பால் கொடுக்கும் விலங்கின் கரு பல்லியின் கருவைப் போலத் தொடங்குகிறது என்ற அந்த இரண்டாவது செய்தி முதலாவதைவிடக் கனமானது.

பால் வந்த பிறகு மஞ்சள் கருவின் தேவை குறைந்தது. மஞ்சள் கருப் புரதத்தை உண்டாக்கும் ஜீன்களில் ஒன்று பிளாட்டிபஸில் இன்னும் வேலை செய்கிறது. மனிதரின் டி.என்.ஏ.விலும் அந்த ஜீன்களின் சிதைந்த துண்டுகள் கிடப்பதை 2008ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கங்காரு இடையில் நிற்கிறது: சிவப்புக் கங்காருவின் கர்ப்பம் 33 நாள், பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது, மீதி வளர்ச்சி பைக்குள் பாலில். நம் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பாலூட்டியின் சினைமுட்டையை 1827ல்தான் கார்ல் ஃபான் பேயர் என்ற ஆய்வாளர் ஒரு நாயிடம் கண்டறிந்தார்.

இவ்வளவு சிறிய, மஞ்சள் கருவற்ற முட்டை முழுதாகவே பிளக்கிறது, தவளையுடையதைப் போல. ஆனால் இரண்டாவது வாரத்தில் மனிதக் கருவைப் பார்த்தால், கோழிக் கருவைப் போலத் தட்டையான தகடாகக் கிடக்கிறது; அடியில் ஒரு பை. மஞ்சள் கருவின் மேல் படுத்து வளரப் பழகிய மூதாதைகளின் வழக்கம், மஞ்சள் கரு போன பிறகும் தொடர்கிறது. பதினைந்தாம் நாளை ஒட்டி அந்தத் தகட்டின் நடுவே ஒரு கோடு விழும். உடலின் தலையும் வாலும் இடமும் வலமும் அதிலிருந்து தீர்மானமாகும். கோழிக் கருவிலும் அதே கோடு, அடையின் முதல் நாளிலேயே. ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற விதி, இந்தக் கோடு விழும் தருணத்தை வைத்து வந்தது.

ஸ்கேனில் தெரியும் ‘யோக் சாக்’ அந்தப் பைதான். வெறுமையாக இருந்தாலும் வேலையில்லாமல் இல்லை. குழந்தையின் முதல் ரத்த அணுக்கள் அதன் சுவரில்தான் பிறக்கின்றன. பின்னாளில் அந்தக் குழந்தையின் சினைமுட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகும் செல்களும் தொடக்கத்தில் அந்தப் பக்கம் தங்கியிருந்துதான் உடலுக்குள் நகர்ந்து வருகின்றன.

கழிவுப்பையும் நம்மிடம் உண்டு, மிகச் சிறியதாக. கோழியில் ஓட்டருகே காற்று வாங்கிய அதன் ரத்தக் குழாய்கள், நம்மில் தொப்புள்கொடியின் குழாய்களாகி நஞ்சுக்கொடிக்குப் போகின்றன. கோழியில் ஓட்டை ஒட்டியிருந்த வெளிப்படலம் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கமாகிறது. யூரியாவைத் தாயின் ரத்தம் வாங்கிக்கொள்வதால் பைக்கு இனி அந்த வேலை இல்லை. அதன் அடிப்பகுதி சிறுநீர்ப்பையிலிருந்து தொப்புள்வரை ஒரு குழாயாக இருந்து, பிறப்பதற்கு முன்பே அடைபட்டு நாராகிவிடும். சில குழந்தைகளுக்கு அது அடைபடாமல் போவதுண்டு. கொடி விழுந்து புண் ஆறிய பிறகும் தொப்புளில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தால், வீட்டு வைத்தியமாக எதையும் பூசாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கசிவது சிறுநீராக இருக்கலாம். ஸ்கேன் செய்து பார்த்து, தேவைப்பட்டால் ஓர் அறுவை சிகிச்சையில் அந்தக் குழாயை எடுத்து மூடிவிடுவார்கள்.